பசடீனா மேடையில் மைக்கேல் ஜாக்சன்

1983 மார்ச் 25, அமெரிக்காவின் பசடீனா சிவிக் ஆடிட்டோரியம். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் 25 ஆண்டு விழா ஒளிப்பதிவு. சகோதரர்களோடு பழைய பாடல்களைப் பாடி முடித்த மைக்கேல் ஜாக்சன் மட்டும் மேடையில் நின்றுவிட்டார். அடுத்து அவருடைய ‘பில்லி ஜீன்’ பாடல்.

குரல் முன்பே பதிவானது, அன்று வாயசைப்புதான். அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று பேசியது உடல்.

முன்னே நடப்பதுபோல் தோன்றியபடியே பின்னோக்கிச் சறுக்கும் ‘மூன்வாக்’ சில நொடிகளே. அது அவர் கண்டுபிடித்ததல்ல. ஷலமார் இசைக்குழுவின் ஜெஃப்ரி டேனியல் 1982-லேயே பிரிட்டிஷ் டிவியில் ஆடிக்காட்டிவிட்டார். சூட்சுமம் எடையில் இருக்கிறது. பின்கால் குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நிற்கும், உடல் எடை முழுக்க அதன்மேல். முன்கால் பாதம் தரையில் படிந்தபடி பின்னால் வழுக்கிப் போகும். பின்காலைக் கடந்ததும் ஒரே கணத்தில் ஒரு குதிகால் இறங்க, மற்றது எழ வேண்டும். வழுக்கும் காலில் எடை ஏறினால் பாதம் ஒட்டிக்கொள்ளும். குதிகால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறினால் தலை குலுங்கும், மாயம் கலைந்துவிடும். காலணிக்கு ரப்பர் அடிப்பாகம் உதவாது. தோல் அடிப்பாகம் வேண்டும்.

கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தி, மினுக்கும் வெள்ளைக் காலுறை போட்டதும் சும்மா இல்லை. கடைசி வரிசைக் கண்ணையும் அது பாதத்துக்கே இழுக்கிறது.