போய்ச் சொல்லிட்டு வா

அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்க மாட்டாள். “என் பேரும் நட்சத்திரமும் அவருக்குத் தெரியாதா?” என்பாள். அடுப்படியில் வேலை பார்த்தபடியே வரதராஜரிடம் பேசிக்கொண்டிருப்பாள். அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஒருமுறை வேறொரு ஊர்க் கோயில் வாசலில் ஒருவர் “ஐந்நூறு குடுங்க, முன்னாடி கூட்டிட்டுப் போறேன்” என்று கையைப் பிடித்து இழுத்தார். பக்தனுக்கும் பகவானுக்கும் நடுவில் ஆளே கூடாது என்ற எண்ணம் அன்றைக்கு எனக்கு இன்னும் கெட்டிப்பட்டது.

போன மாதம் அம்மாவைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். 2019-ல் அத்திமரத் திருமேனியான அத்தி வரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களும் கூட்டத்துக்குப் பயந்து அவளை அழைத்துப் போகாமல் விட்டேன். நாற்பது வருடத்துக்கு ஒருமுறை வருகிற தரிசனம். அந்தக் குறை இன்னும் எனக்குள் இருக்கிறது. அம்மாவோ அந்த அனந்தசரஸ் குளக்கரையில் நின்று, நீராழி மண்டபத்தைப் பார்த்துக் கைகூப்பி, “உள்ளதான் படுத்திருக்கார்” என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு.

பெருந்தேவித் தாயாரை முதலில் சேவித்தோம். தாயாரைப் பார்த்துவிட்டுத்தான் பெருமாளிடம் போக வேண்டும் என்பது வைணவ வழக்கம். நம் குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும்படி அவள் பெருமாளிடம் எடுத்துச் சொல்வாள். பெரியவர்கள் இதைப் புருஷகாரம் என்பார்கள். நம் வீட்டில் அப்பாவிடம் நேரே கேட்கப் பயந்து அம்மா காதில் போடுவோமே, அதேதான்.

அப்புறம் படிகள். அத்திகிரி என்கிற சின்னக் குன்றின் மேலே இருக்கும் மூலவரைப் பார்க்க 24 படி ஏற வேண்டும். காயத்ரி மந்திரத்தின் 24 எழுத்துகள் அவை என்பார்கள். அம்மா முதல் படியில் கால் வைத்தாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. “நீ போய்ச் சொல்லிட்டு வாடா, நான் வந்திருக்கேன்னு” என்றாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

திருக்கச்சி நம்பியை நினைத்துக்கொண்டே ஏறினேன். பூவிருந்தவல்லியில் வைசிய குலத்தில் பிறந்தவர். தினமும் இந்த வரதருக்கு ஆலவட்டம் என்கிற விசிறி வீசினார். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்று ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்கிறது. 1017-ல் பிறந்த ராமானுஜர், சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்த காலத்தில், தன் மனதில் இருந்த ஐயங்களை நம்பியிடம்தான் ஒப்படைத்தார். என்ன ஐயம் என்று சொல்லவில்லை. “என் மனதில் உள்ளதற்குப் பெருமாளிடம் பதில் கேட்டுவாருங்கள்” என்றார். பெருமாளும் ஆறு வார்த்தைகள் அருளினார். நானே பரம்பொருள், ஜீவன் வேறு நான் வேறு, சரணாகதியே வழி, கடைசி மூச்சில் என்னை நினைக்காவிட்டாலும் குற்றமில்லை, உடல் விழுந்ததும் மோட்சம், பெரிய நம்பி என்கிற பெரியவரை ஆசாரியராகப் பற்று.

கேள்வி தெரியாமல் பதிலைச் சுமந்து வந்திருக்கிறார் மனுஷர்! நடுவில் தனக்கென்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை, கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்த நம்பி உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண வேண்டும் என்று ராமானுஜர் ஆசைப்பட்டார் என்றால், அதில் என்ன ஆச்சரியம்? இன்னொன்றும் உண்டு. எல்லாம் தெரிந்த பெருமாள், ராமானுஜர் தீர்த்தக் குடத்தோடு வரும்போது நேரே சொல்லியிருக்கலாம். ஒரு மனிதர் வாய் வழியாகத்தான் சொன்னார். சொன்ன ஆறாவது வார்த்தையிலும் இன்னொரு மனிதரைத்தான் காட்டினார். ஐந்நூறு கேட்டவரையும் இவரையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேனே என்று ஏறும்போதே மனசு உறுத்தியது.

சன்னதியில் கூட்டம் குறைவு. மேற்கு நோக்கி நின்ற திருக்கோலம். வழியில் யோசித்து வைத்த என் வேண்டுதல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “அம்மா கீழ இருக்கா. முட்டி முடியல. வந்திருக்கேன்னு சொல்லச் சொன்னா” என்றேன், சத்தமாகவே. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பட்டர் தீர்த்தமும் துளசியும் கொடுத்து, தலையில் சடாரி வைத்தார்.

இத்தனை வருடம் சடாரி வாங்கியிருக்கிறேன், அன்றுதான் அது உள்ளே இறங்கியது. கிரீடம் மாதிரி இருக்கும் அதன் உச்சியில் இரண்டு பாதங்கள். அதற்குச் சடகோபம் என்று பெயர். சடகோபன் என்பது நம்மாழ்வாரின் பெயர். பெருமாளின் திருவடி நம் தலைக்கு வரும்போது ஆழ்வாராகத்தான் வருகிறது.

இறங்கி வந்தேன். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“சொன்னியா?”

“சொன்னேம்மா.”

“என்ன சொன்னார்?”

என்ன பதில் சொல்வது? துளசியைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள்.

“சடாரி வாங்கினியா?”

“வாங்கினேன்.”

“குனி.”

குனிந்தேன். என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.