பல்லவி திரும்பி வரும்

தெருவில் ஒருவர் இசைக்கருவி வாசிப்பதைப் பார்த்ததும் கேமராவைத் தூக்குவது பலருக்குப் பழக்கம். அப்படிக் கிடைக்கும் படத்தில் ஓர் ஆள் வயலினைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். வாசிப்பது தெரியாது. தெரு இசைக்கலைஞரைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வந்தாலும், முதல் பாட்டு முடியும்வரை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பாட்டில் பல்லவி திரும்பி வரும். பல்லவியோடு உடம்பும் திரும்பி வரும். உச்ச சுரத்தில் கண்ணை மூடுகிறவர் அடுத்த முறையும் பெரும்பாலும் அங்கேதான் மூடுவார். முதல் முறை கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை இடம் பார்த்து நின்று, மூன்றாம் முறை அழுத்தலாம். கண்ணால் கண்டபின் விரல் அழுத்த ஏறக்குறைய 1/5 நொடி ஆகிவிடுகிறது; அதற்குள் வில் திசை மாறிவிடும். ஆகவே காதை நம்பி, அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே அழுத்த வேண்டும். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமரா இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட 1/10 நொடியில் முரசின் குச்சி தோலில் பட்டு மேலே எழும்பியிருக்கும்.

தெருப் படங்களில் ஆட்கள் நடந்து மறைந்துகொண்டே இருப்பார்கள். இசைக்கலைஞர் அப்படியில்லை, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம்கூட நிற்பார். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் முன்னால் நின்று இரண்டு படம் எடுத்துவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. அவரைச் சுற்றி அரைவட்டமாக நடந்து பின்னணியைப் பார்க்க வேண்டும். வாசிப்பவர்கள் ஒலி நன்றாகத் திரும்பி வரும் இடமாகத்தான் தேடுவார்கள்: வளைவுகள், சுரங்கப்பாதை வாசல், உயரமான சுவர். அங்கே வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வரும். வண்ணப் படத்துக்கு அது தொல்லை, கறுப்பு வெள்ளைக்கோ வரம். முகத்தில் பாதி, கையில் பாதி என்று விழும் அந்த ஒளிதான் உருவத்துக்குப் பருமன் கொடுக்கிறது.

கறுப்பு வெள்ளையில் முதலில் சறுக்குவது நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும் இடத்தில். கிதாரின் தேன் நிற மரமும் அதன் மேல் படியும் பழுப்புக் கையும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும். சாம்பல் நிறமாக மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிவப்புச் சட்டைக்காரர் பச்சைச் சுவருக்கு முன் நின்றாலும் இதே கதைதான். பிறகு கணினியில் ஆரஞ்சு நிறத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம் என்பார்கள். தோலும் மரமும் அதே ஆரஞ்சில்தான் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். எடுக்கும்போதே ஒளியால் பிரிப்பதுதான் வழி. கையின் ஓரத்தில் வெளிச்சக் கோடு விழும்வரை இரண்டடி நகர்ந்தால் விரல்கள் மரத்திலிருந்து எழுந்து நிற்கும். கேமராவில் ரா கோப்பை (சென்சார் பிடித்த தகவலை மாற்றாமல் வைக்கும் கோப்பு) பதிவுசெய்தபடியே முன்காட்சியை மட்டும் மோனோகுரோமில் (கறுப்பு வெள்ளையில்) வைத்துக்கொண்டால் இந்தக் கலப்பு அங்கேயே தெரிந்துவிடும். நிறங்களும் ராவில் பத்திரமாக இருக்கும்.

ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு லென்ஸின் முன் மாட்டும் நிற வடிகட்டிக் கண்ணாடிகள் உண்டு. மஞ்சளுக்கு 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்), ஆரஞ்சுக்கு 2, அடர் சிவப்புக்கு 3 ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சிவப்புக் கண்ணாடி வானத்தைக் கறுக்கவைக்கும் என்ற ஆசையில் முகத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். உதடு வெளிறிப்போய், தோலின் நுணுக்கம் கரைந்துவிடும். பாடுகிறவரின் உதடே இல்லாமல் போனால் படத்தில் என்ன மிச்சம்? ஆட்களுக்கு மஞ்சள் போதும்.

ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) எவ்வளவு என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எதை அசையவிட வேண்டும் என்பதைப் பொறுத்தது. 1/500 நொடியில் வில் ஏறக்குறைய உறைந்துவிடும், வாசிப்பவர் போஸ் கொடுப்பவர்போலத் தோன்றுவார். 1/60இல் முகம் தெளிவாகவும் கிதார் தட்டும் வலது கை மட்டும் புகையாகவும் வரும். பெரும்பாலும் இதுவே பொருத்தம். தாளக்காரரின் குச்சிகளுக்கு 1/30 வரை போகலாம், ஆனால் அவர் தலை ஆட்டாத கணமாகப் பார்க்க வேண்டும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் பாட்டுக்குத் தொந்தரவு இருக்காது, உண்மைதான். பல கேமராக்களில் அது படத்தை வரிவரியாகப் படிப்பதால் நேரான குச்சி வளையும், கிதார் கம்பி அலையலையாக நெளியும். மின்விளக்கின் கீழ் இன்னொரு தொல்லை சேர்கிறது: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/125.

ஃபோகஸில் கண்ணைப் பிடித்துவிட்டால் போதும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரே கண், ஒரே முகம் என்றால் சரி. இங்கே முகத்துக்குச் சமமாகக் கையும் முக்கியம். 50 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தொலைவில் அபர்ச்சரை (லென்ஸின் துளையை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எஃப் 2இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 19 செ.மீ. மட்டுமே. கேமராவை நோக்கி நீட்டிய வயலினின் நுனியும் இடது கை விரல்களும் மங்கிவிடும். எஃப் 5.6இல் அந்த ஆழம் ஏறக்குறைய 55 செ.மீ. ஆகிறது, கையும் முகமும் ஒன்றாக நிற்கும். வெளிச்சமில்லாமல் அபர்ச்சரைத் திறக்க நேர்ந்தால், முகமும் கையும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் வருமாறு பக்கவாட்டுக்கு நகர்வது நல்லது. பகலில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல், 2.5 மீட்டரில் கையால் நிறுத்திவைத்தால் 1.7 மீட்டர் முதல் ஏறக்குறைய 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவு. பிறகு ஃபோகஸை மறந்துவிட்டுப் பாட்டைக் கேட்கலாம். 28 மி.மீ. கொண்டு மிக நெருங்கினால் கிதாரின் தலை துடுப்பு அளவுக்குப் பெருக்கும். சிலருக்கு அது பிடிக்கிறது.

பாடுகிறவர்களிடம் மைக்தான் எதிரி. நேர் எதிரே நின்றால் வாயும் முகவாயும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். 45 பாகை பக்கமாக நின்று, மைக் முகத்தின் விளிம்புக்கு வெளியே தனியாகத் தெரிய வேண்டும். 'ஆ' என்று நீட்டும் சுரத்தில் எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே மூச்சு இழுக்கும்போது கழுத்து நரம்பு எழுந்து, கண் எங்கோ போயிருக்கும். அந்தக் கணமே மேல். புல்லாங்குழல், சாக்ஸபோன் வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சாக்ஸபோன், ட்ரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்களில் சூரியன் பட்டால் ஒரு புள்ளி வெடித்து வெளுக்கும். அதைக் காப்பாற்றப் படம் முழுவதையும் இருட்டாக்கிவிட வேண்டாம். உலோகத்தின் மின்னல் வெள்ளையாகத்தான் இருக்கும். காப்பாற்ற வேண்டியது முரசின் வெள்ளைத் தோலும் வெள்ளைச் சட்டையும். கறுப்புக் கோட்டுக்காரரை கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளைச் சுவரையும் அப்படியே. ஆகவே முகத்தில் விழும் ஒளியை மட்டும் அளந்து, கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் நிறுத்திவிடுவது பாதுகாப்பு. சிவப்பு விளக்கு அடிக்கும் இடத்தில் மோனோகுரோம் முன்காட்சியின் ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) ஏமாற்றும். எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும், உள்ளே சிவப்பு சானல் (சிவப்பு நிறப் பதிவு) மட்டும் நிரம்பி வழிந்து முகம் மெழுகுபோலத் தட்டையாகிவிடும். அங்கே 1 ஸ்டாப் குறைத்தே எடுக்கலாம்.

மாலைக்குப் பின் ஃபிலிமில் எடுப்பவர்கள் 400 வேக (ஒளியுணர்வு) ஃபிலிமை 1600 என்று வைத்து 'புஷ்' செய்வார்கள், அதாவது குறைந்த ஒளியில் எடுத்துவிட்டுக் கூடுதல் நேரம் கழுவுவார்கள். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸை மைக்ரோஃபென் டெவலப்பரில், நீர் கலக்காத ஸ்டாக் கரைசலில், 20 டிகிரி செல்சியஸில் கழுவ 400க்கு 6½ நிமிடம், 1600க்கு 11 நிமிடம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். முதல் 10 நொடியில் 4 முறை தொட்டியைக் கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே 4 முறை. பதற்றத்தில் அதிகம் குலுக்கினால் ஹைலைட் (வெளிச்சப் பகுதி) நெகட்டிவில் அடர்ந்து, பிரிண்டில் நெற்றி சுண்ணாம்பாகிவிடும். புஷ் செய்வதால் நிழலுக்குள் புதிதாக எதுவும் வந்துவிடாது. ஒளி படாத கோட்டு மடிப்பு நெகட்டிவில் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமை பிடிக்காதவர்கள் 800இல் நிறுத்திக்கொள்ளலாம்.

கணினிக்கு வந்தபின் கை சும்மா இருக்காது. கிளாரிட்டியை (நுணுக்கங்களைத் துருத்திக் காட்டும் திருத்தம்) ஏற்றி, சுருக்கங்களைச் செதுக்கி, மூலைகளை இருட்டாக்கி, வாசிப்பவரைத் துயரச் சித்திரமாக்கும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார். சிலர் முறையாகப் பயின்றவர்கள், அன்றைய கூட்டத்தைப் பார்த்துப் பாட்டின் வரிசையை மாற்றத் தெரிந்தவர்கள். காசு விழும் பெட்டியை மட்டும் முன்னால் பெரிதாக வைத்து எடுப்பதும் இதே சோம்பல்தான். ஒளிப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்டெஸ் 1921இல் ஹங்கேரியின் அபோனியில் எடுத்த பார்வையற்ற வயலின்காரர் படத்தில் மண் தெருவும், அவரோடு வரும் சிறுவனும், அவர் வில் பிடித்திருக்கும் விதமும் ஒரே கனத்தோடு இருக்கின்றன. இரக்கத்தை அது கேட்டு வாங்கவில்லை.

திருத்தம் என்று செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பின்னணியில் உள்ள விளம்பரப் பலகையைக் கால் அல்லது அரை ஸ்டாப் இருட்டாக்குவது, கையை அதே அளவுக்கு வெளுப்பாக்குவது, கறுப்பு ஓர் இடத்திலாவது முழுக் கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது. நீல நிறத்தை மிகக் கீழே இறக்கினால் வானத்தோடு தலை சேரும் ஓரத்தில் வெள்ளை வளையம் தோன்றும், துகள்களும் பெருகும். நூறு படத்திலிருந்து பொறுக்கும்போது முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது உதவும். கை செத்துக் கிடக்கும் படங்கள் முதலிலேயே கழிந்துவிடும், பிறகு எண்ணி ஆறோ ஏழோதான் தேறும்.

இடையில் நடந்துகொள்வது பற்றி. பாட்டு நடுவில் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கண்ணால் கேட்டுத் தலையசைப்பு வாங்கலாம், மறுத்தால் நகர்ந்துவிட வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். காசு போடும் வழியை மறித்து நிற்பதுதான் அவருக்கு நேரடி நஷ்டம். ஓரமாக, முட்டி உயரத்துக்குக் குனிந்து எடுத்தால் கூட்டத்துக்கும் மறைக்காது, பின்னணியில் தலைகளும் குறையும். கேட்டு நின்றதற்குப் பெட்டியில் பணம் போட வேண்டும், அதுவும் படம் எடுப்பதற்கு முன்பே. விளம்பரத்துக்குப் படம் போகும் என்றால் எழுத்து மூலம் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது. அனுப்பித் தருவதாகச் சொன்ன படங்களை அந்த வாரமே அனுப்பிவிட வேண்டும்: மூன்று போதும். அதில் ஒன்று அகலவாக்கில், ஒரு பக்கம் வெறும் இருட்டாக இருக்கட்டும். அடுத்த நிகழ்ச்சியின் சுவரொட்டியில் பெயரும் நேரமும் எழுத அவருக்கு அந்த இடம் வேண்டியிருக்கும்.