கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறேன்

ஃப்ளோரிடாவில் ஒரு சின்ன ஊரில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். குழந்தைகளைச் செக்கப்புக்குக் கூட்டி வரும் பெற்றோரிடம் ஒரு வரிசையாகக் கேள்வி கேட்போம்: காரில் குழந்தை சீட் இருக்கிறதா, சைக்கிள் ஓட்டும்போது ஹெல்மெட் போடுகிறானா, பின்பக்கம் நீச்சல் குளம் இருந்தால் சுற்றி வேலி உண்டா. அதுவரை யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்தது துப்பாக்கி. அங்கேதான் கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி தரையைப் பார்ப்பார்.

2010-இல் ஒகாலாவில் ஒரு குழந்தை மருத்துவர் இதைக் கேட்க, தாய் பதில் சொல்ல மறுக்க, 30 நாளுக்குள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். (அவர் செய்தது சரி என்று எனக்கு இன்றைக்கும் படவில்லை.) விஷயம் பெரிதாகி 2011-இல் மாநிலம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. சிகிச்சைக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று பட்டால் ஒழிய நோயாளியிடம் துப்பாக்கி பற்றிக் கேட்கக்கூடாது, மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், லைசென்சுக்கும் ஆபத்து. இத்தனைக்கும் அதே வருடம் செப்டம்பரில் ஃபெடரல் நீதிபதி அந்தச் சட்டத்துக்குத் தடை போட்டார். 2017 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கேட்பதைத் தடுத்த பகுதி பேச்சுரிமைக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. ஆனால் நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் வம்பு வேண்டாம் என்று படிவத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சங்கடமான ஒரு கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தது டெல்டா மாவட்டத்து அரசு மருத்துவமனையில். நெல் விளையும் ஊர்களில் வீட்டுக்கு வீடு பூச்சி மருந்து இருக்கும். அதைக் குடித்துவிட்ட ஒருவரைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, கூட வந்த அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு "மருந்து டப்பாவை எங்கே வெச்சிருக்கீங்க, கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது கொடுத்து வைங்க" என்று சொல்வோம். இது எங்கள் அந்தரங்கம், டாக்டர் ஏன் கேட்கிறார் என்று ஒருத்தரும் சண்டைக்கு வந்ததில்லை. கொடுமையான நேரம் பெரும்பாலும் கடந்து போய்விடும், அது வரைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. 2020-இல் 1 முதல் 19 வயது வரையானவர்களின் சாவுக்குக் கார் விபத்தைத் தாண்டித் துப்பாக்கியே முதல் காரணமாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு நீச்சல் குளத்தோடு கேள்வியை முடித்துக்கொள்வது எப்படி?

கேட்கும் விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது, வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகும் எங்கள் நர்ஸ். "இருக்கான்னு கேட்டா போலீஸ் மாதிரி இருக்கு டாக்டர், எப்படிப் பூட்டி வைக்கிறீங்கன்னு கேளுங்க" என்றார். இன்னொன்று நானே கண்டுகொண்டது: அவர்கள் பயப்படுவது என்னைப் பார்த்து அல்ல, கம்ப்யூட்டரைப் பார்த்து. அரசாங்கம் எங்கேயோ பட்டியல் போடுகிறது என்ற பயம். அதனால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டுதான் கேட்கிறேன். அப்படியும் ஒருவர் எழுந்து போய்விட்டார். சரி, அது அவர் உரிமை. பதில் சொல்லாதவரை வேறு டாக்டரிடம் போகச் சொல்லமாட்டேன்.

மனைவியை இழந்த ஒரு பெரியவர், தூக்கமில்லை, சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "படுக்கைக்குப் பக்கத்து டிராயரில் ஒன்று, அலமாரியில் மூன்று" என்றார். அன்றைக்கே மகளை வரவழைத்துப் பேசி, மனநல மருத்துவரிடமும் அனுப்பினோம். நான்கையும் மகள் எடுத்துப்போனார். நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் கேபிள் பூட்டை எப்படிப் போடுவது என்று பெரியவருக்கு விளக்கப் போய் நான்தான் மாட்டிக்கொண்டேன், ஏனென்றால் ஜென்மத்தில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் ஒரு காகிதத்தில் படம் போட்டு, மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியை, கழற்றிவிட்டு மேலே உள்ள திறப்பில் கேபிளை விட்டுக் கீழே எடுக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழெட்டு மாதம் கழித்து ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தார், எடை ஏறியிருந்தது. துப்பாக்கிகள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டனவாம், பூட்டுகளோடு. சாவி மட்டும் மகளிடம். மான் சீசன் வரட்டும், அப்போது வாங்கிக்கொள்கிறேன் என்றார்.