சில்லி கேட்ட இருபது நிமிடங்கள்

முதலாம் தவணை விடுமுறை தொடங்கிய அன்றே இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் உள்ள எங்கள் வீட்டுக்குள் ஒரு நாய்க் குடும்பம் குடியேறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய ‘ப்ளூயி’ என்ற கார்ட்டூன் தொடரைத்தான் சொல்கிறேன். பிரிஸ்பேன் நகரில் வாழும் அந்தக் குடும்பத்தில் அப்பாவின் பெயர் பேண்டிட், அம்மாவின் பெயர் சில்லி, பிள்ளைகள் ஆறு வயது ப்ளூயியும் நான்கு வயது பிங்கோவும். ஐந்து வயதான என் மகள், இருவருக்கும் நடுவில் தனக்கோர் இடம் ஒதுக்கிக்கொண்டு, காலைப் பாணையும் சம்பலையும் அவர்களோடுதான் சாப்பிடுகிறாள்.

என் மாமியாருக்கு அந்த அம்மாவின் பெயரே பிடிக்கவில்லை. “பொம்பளைக்கு யாராச்சும் மொளகான்னு பேரு வைப்பாங்களா?” என்று முதல் நாளே கேட்டார். சில்லி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்கிறவள் என்று நான் விளக்கியபோது, “மோந்து பாக்குற வேலதானே, நாய்க்கு ஏத்ததுதான்” என்று உடனே ஒப்புக்கொண்டார். தொடரை எழுதியவர்கள் ஒளித்து வைத்த அந்த நகைச்சுவை, பட்டம் பெற்ற ஆசிரியையான எனக்கு அதுவரை எட்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் அவர். வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணையும் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டார். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் என்ற கணக்கில் வாழ்ந்தவர். சில்லிக்கு முழுப் பேர் போடுவதா அரைப் பேர் போடுவதா என்பதில் அவருக்கு இன்னும் தெளிவில்லை. “எந்நேரமும் புள்ளைகளோட வெளையாடிக்கிட்டே இருக்காளே, எப்பத்தான் சோறாக்குறா?” என்பது அவருடைய சந்தேகம்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. “சில்லி அம்மா தரையில படுத்து வெளையாடுறாங்க. நீங்க மட்டும் ஏன் எப்பப் பாத்தாலும் பேப்பர் திருத்துறீங்க?” என்று மகள் கேட்டாள். எட்டாம் ஆண்டு விடைத்தாள் கட்டு மடியில் இருக்க, ஒரு செந்நிற நாயோடு ஒப்பிடப்பட்டுத் தோற்றுப்போன அந்தக் கணத்தில் எனக்குச் சில்லியின் மேல் பொறாமைதான் வந்தது.

அந்தப் பொறாமையைத் தீர்த்து வைத்தவளும் அவளேதான். ஒரு பகுதியில் அவள் களைத்துப்போய், இருபது நிமிடங்களுக்கு யாரும் தன் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும் என்கிறாள். கோபப்படவில்லை, அழவில்லை, தலைவலி என்று பொய்யும் சொல்லவில்லை. ஒரு பகுதியே ஏறக்குறைய ஏழு நிமிடங்கள்தான் ஓடும். அதற்குள் அவள் இருபது நிமிடங்களைக் கேட்கிற துணிச்சலை நான் இரண்டு தடவை பார்த்து ரசித்தேன். என்னைப் பொறுத்தவரை அந்தத் தொடரிலேயே நம்பத் தகுந்த காட்சி அதுதான்.

மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்கு நானும் அதே வார்த்தைகளை வீட்டாரிடம் அறிவித்துவிட்டு, ஒரு கோப்பை சாயத் தண்ணியோடு, அதாவது பால் விடாத தேநீரோடு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மூன்றாவது நிமிடம் கதவு தட்டப்பட்டது.

“அம்மா, நான் கிட்ட வரல. வரலன்னு சொல்லத்தான் வந்தேன்.”

அதன் பிறகு கணவர் தம்முடைய கறுப்புக் குடையைக் கேட்டார். கதவுக்கு வெளியே நின்று கேட்பது பக்கத்தில் வருவதாகாது என்று சட்டமும் பேசினார். குடை கதவுக்கு வெளியே, அவர் தலைக்கு நேரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள், பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோ இசையை ஒலிபெருக்கியில் அலறவிட்டபடி, பாணும் பனிஸும் விற்கிற சூன் பாண் ஆட்டோ மேட்டில் ஏறி வந்தது. சில்லறை என் கைப்பையில் இருந்தது, கைப்பை என் அறையில் இருந்தது, ஆகவே மொத்தக் குடும்பமும் என் அறையில் இருந்தது. அவர்களை அனுப்பிவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம், சித்திரை மாதத்துப் பின்னேர மழை முன்னறிவிப்பின்றி மலையிலிருந்து இறங்கியது. கொடியில் காலையிலிருந்து முக்கால்வாசி காய்ந்திருந்த உடுப்புகளை அள்ள ஓடியவள் நான்தான், ஏனென்றால் மற்றவர்கள் எனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று மிகுந்த கட்டுப்பாட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நனைந்த தலையோடு உள்ளே வந்தபோது மகள் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றாள். அவள் கையிலிருந்த, முதலை வடிவிலான கிம்புலா பனிஸில் வால் ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. சீனி உதட்டில் ஒட்டியிருந்தது.

“அம்மா, இருபது நிமிஷம் முடிஞ்சிருச்சு. வாங்க வெளையாட.”

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஆறிப்போன என் கோப்பையை எட்டிப் பார்த்தார், ஈர உடுப்புக் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு இன்னைக்கு அரைப் பேருகூட விழாது” என்று சொல்லிவிட்டு, உடுப்பை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.