ஓவியம் பார்க்கப் பழக: முதலில் கோட்டைப் பிடியுங்கள்

"ஓவியமெல்லாம் எனக்குப் புரியாதுங்க" என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் என்ன காலண்டர் மாட்டியிருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். முருகனோ லட்சுமியோ இருந்திருப்பார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்ததாகவோ அவர் பாணியைப் பின்பற்றியவர்கள் வரைந்ததாகவோ இருக்கும். அதற்கும் முன்னால் ரவிவர்மா. கன்னத்தில் ஒளி, கழுத்தடியில் நிழல், மடிப்புக்கு மடிப்பு மின்னும் பட்டு என்று நம் கண் பழகியது இந்தப் படங்களில்தான். அதில் குறை ஒன்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்களை நேரில் பார்த்தால், அச்சில் வராத எத்தனையோ அந்த நிழலுக்குள் இருப்பது தெரியும். ஆனால் அதே கண்ணோடு சித்தன்னவாசல் சமணக் குகைக்கோயிலுக்குப் போனால், "பாதி அழிந்துபோச்சு" என்பதற்கு மேல் எதுவும் தட்டுப்படாது. அங்கே உருவத்துக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும் கோடுதான்.

எனக்கு ஓவியம் அறிமுகமானது போட்டித் தேர்வுக்குப் படித்த காலத்தில். பனைமலை என்றால் பல்லவர், சித்தன்னவாசல் என்றால் சமணம், பெரிய கோயில் என்றால் சோழர், மேலே நாயக்கர். தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த அட்டவணையை விட்டுவிட வேண்டாம், மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவை என்று பழைய புத்தகங்கள் சொல்லும். பின்னர் படிக்கப்பட்ட கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. கையேடுகளில் இரண்டு விடையும் உலவுவதற்குக் காரணம் இதுதான்.

அட்டவணையைத் தாண்டி உள்ளே போக எனக்கு வழி சொன்னவர் ஓர் ஓவிய ஆசிரியர். புத்தகம் எதையும் அவர் படிக்கச் சொல்லவில்லை. சித்தன்னவாசல் தூணில் இருக்கும் நடன மங்கையின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, வெறும் வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் தொடரச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: முகத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிடு. இதைச் செய்து பார்க்காதவர்களுக்கு அதன் பலனை வாயால் சொல்வது கஷ்டம். முகம் தெரிந்தால் நம் கண் அங்கேயே உட்கார்ந்துவிடும், அழகா இல்லையா என்று கணக்குப் போடும். மறைத்துவிட்டால் வேறு வழியில்லை, உடம்பு முழுக்க அலைந்துதான் ஆக வேண்டும்.

அலைந்தால் என்ன தெரிகிறது? அவள் ஒரு கையை யானைத் துதிக்கை போல உடம்புக்குக் குறுக்கே நீட்டியிருக்கிறாள். கஜஹஸ்தம் என்பார்கள். தோளில் புறப்படும் கோடு முழங்கையில் முறியாமல் விரல் நுனிவரை வழுக்கிக்கொண்டு போகிறது. எலும்பு இருக்கும் கை அப்படி வளையாது, நம் பென்சில் தானாக அங்கே முழங்கையை மடக்கப் பார்க்கும். அந்த இடத்தில்தான் வரைந்தவர் என்ன முடிவெடுத்தார் என்பது நமக்கு உறைக்கிறது. அவர் கையை வரையவில்லை, கை அசையும் பாதையை வரைந்திருக்கிறார். இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்க, எதிர்ப்பக்கம் தோள் அதைச் சமன் செய்கிறது. நிழல் போட்டுக் காட்ட வேண்டிய கனத்தை வளைவே தாங்கிக்கொள்கிறது.

இந்தப் பயிற்சிக்கு அப்புறம் சித்தன்னவாசலுக்கு நேரில் போங்கள். புதுக்கோட்டையிலிருந்து பக்கம்தான். மண்டபம் சின்னது. ஆட்கள் வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு வெளியேறிக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் அவசரப்படாதீர்கள். விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். அடிவானமே இல்லை. மேலிருந்து பார்ப்பது போலக் குளம் விரிந்திருக்கிறது, ஆனால் பூக்களும் மனிதர்களும் பக்கவாட்டில் தெரிகிறார்கள். காலண்டர்க் கண்ணுக்கு இது தப்பாகப் படும். தண்டுகளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் சரியாகிவிடும். ஒவ்வொரு தண்டும் ஒரு பக்கம் சாய்ந்து அடுத்ததை ஒதுக்கிவிடுகிறது, பார்வை எங்கும் நிற்காமல் குளத்தைச் சுற்றி வருகிறது. சமவசரணத்தில், அதாவது சமணத் தீர்த்தங்கரர் உபதேசிக்கும் தெய்வீக சபையில், வரும் தாமரைத் தடாகம் இது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். அதை முதலிலேயே படித்துவிட்டுப் போனால் விளக்கத்தைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். குளத்தைப் பார்த்த பிறகு படியுங்கள், அப்போது அதற்கு வேறு கனம் வரும்.

கோடு ஏன் இவ்வளவு தீர்மானமாக இருக்கிறது என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு பதில் கிடைக்கும். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. அந்தச் சோழர் ஓவியங்களை வேதியியல் முறையில் ஆராய்ந்த எஸ். பரமசிவன், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை அவை என்று கண்டார். பூச்சு காய்வதற்குள் முடித்தாக வேண்டும். யோசித்து யோசித்து அழித்து எழுத நேரமில்லை. அங்குள்ள திரிபுராந்தகர், அதாவது முப்புரம் எரித்த சிவன், படத்தின் நகலைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பாதைக்குள் எல்லோரையும் விடமாட்டார்கள், அதனால் நல்ல புகைப்படத் தொகுப்புதான் கதி.

ஒரே ஓவியத்தோடு நிறைய நாள் இருங்கள் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்வது. ஒரே நாளில் ஒரு கலைக்கூடம் முழுக்கச் சுற்றினால் கால் வலிதான் மிஞ்சும்.

கோடு பிடிபட்ட பிறகு, முன்பு கதவு திறக்காத இடங்களிலும் திறக்கும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே உள்ள காட்சிக்கூடத்தில் நவீன ஓவியங்களைப் பார்க்கலாம். பலர் தயங்குவது அங்கேதான். ஓவியர் ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். அவருடைய காந்தி படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடு நடுங்குவதும் இன்னொன்று விறைப்பாக நிற்பதும் முகச்சாயலைவிட அதிகம் பேசும். அந்தப் படங்களுக்கு யாரும் எனக்கு உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவரே பின்னாளில் வண்ணத்துக்குப் போய்விட்டார். பெரிய பெரிய வண்ணப் பரப்புகள், உருவமும் இல்லை, தொடர்ந்து போகக் கோடும் இல்லை. டிரேசிங் பேப்பர் அங்கே உதவாது. இப்போது நான் அந்தப் படங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நீலத்தின் ஓரத்தில் காவி வரும்போது அந்த நீலம் என்ன ஆகிறது என்று மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன்.