தலையை உள்ளே போடுங்க சார்

இன்று காலையும் நீச்சல் குளத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கும் கோச்சுக்கும் தகராறு. "தலையை உள்ளே போடுங்க சார்" என்கிறான் அந்தப் பையன். "போட்டுக்கிட்டுத்தான தம்பி இருக்கேன்" என்கிறார் இவர். தலையோ தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நின்று ஊரையே விசாரிக்கிறது. பக்கத்து லேனில் போனவருக்கு வணக்கம்கூட வைத்தார். எனக்கு இவர் யாரென்றே தெரியாது என்கிற முகத்தோடு நான்.

முதுகுவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், "நீச்சலா? எங்கிட்டயேவா?" என்று கிளம்பிவிட்டார். சின்ன வயசில் ஊர்க் கிணற்றில் நீந்திய கதைகள் இவரிடம் ஏராளம். மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தது, மூச்சைப் பிடித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. வருஷத்துக்கு வருஷம் கிணறு ஆழமாகிக்கொண்டே போகும். போன பொங்கலுக்குச் சொன்னபோது அது கிட்டத்தட்ட எண்ணெய்க் கிணறு ஆகியிருந்தது.

அப்பேர்ப்பட்டவரை, எங்கள் பையனைவிடக் கொஞ்சம் பெரியவனாக இருக்கும் கோச், ஒரு தடவை நீந்தவிட்டுப் பார்த்துவிட்டு எல்லாமே தப்பு என்றான். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போய்விடுமாம். அப்புறம் எங்கே நீந்துவது, மாடிப்படி ஏறுகிற கதைதான். உதை இடுப்பிலிருந்து வரவேண்டுமாம், இவர் முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்கிறாராம். வலது கை நேராகப் போகாமல் தலைக்கு முன்னால் குறுக்கே விழுவதால்தான் அடிக்கடி லேன் கயிற்றைப் போய் முட்டுகிறாராம். எல்லாவற்றையும்விடப் பெரிய பஞ்சாயத்து மூச்சு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட வேண்டும். அப்புறம் உடம்போடு சேர்த்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கண் தண்ணீரிலேயே இருக்க, இழுத்துக்கொள்ள வேண்டும். இவருக்கு விடுவது, இழுப்பது எல்லாமே வெளியே வந்துதான். அந்தச் சத்தத்துக்குக் குழந்தைகள் பேட்ச் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது.

இவர் சும்மா இருப்பாரா? ராத்திரி முழுக்க போனில் துழாவி ஜானி வைஸ்முல்லரைக் கண்டுபிடித்துவிட்டார். 1922-ல் நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் ஆள். 1924, 1928 இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து நீச்சலில் ஐந்து தங்கம். பிறகு டார்ஜானாக நடித்தவர். அவர் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவார்! மறுநாள் போனும் கையுமாகக் கோச் முன்னால் போய் நின்றார். அவன் பொறுமையாகப் பார்த்தான். "சூப்பர் சார். அவரு தலையைத் தூக்குனாலும் காலு கீழ போகாம நிறுத்துற அளவுக்கு அவருக்கு கிக் இருந்துச்சு. உங்களுக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கிக்போர்டைக் கையில் கொடுத்து, காலை மட்டும் அடித்து அந்தக் கோடிவரை போகச் சொன்னான். டார்ஜான் எவ்வளவோ அடித்தார். ஒரு கட்டத்தில் பின்னால் வந்ததை, அன்றைக்கு மட்டும் வேடிக்கை பார்க்கப் போயிருந்த நானே பார்த்தேன்.

அதிலிருந்து வீட்டிலும் பயிற்சி. விடிவதற்கு முன்னால் பாத்ரூம் பக்கெட்டில் முகத்தை முக்கி, குடுகுடுவென்று மூச்சு விடுகிறார். லாரித் தண்ணீர் வாங்குகிற ஏரியாவில் இதற்கென்று ஒரு பக்கெட் தனியாக நிற்கிறது, யாரும் தொடக்கூடாதாம். "உங்காத்து மோட்டார்ல ஏர் பிடிச்சிருக்கு போலிருக்கே" என்றார் கீழ்வீட்டு மாமி. ஆமாம் மாமி, பழைய மோட்டார் என்றேன்.

பொறுக்க முடியாமல் அத்தைக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். சிரிப்பார் என்று பார்த்தால், "அது அவுங்கப்பா பழக்குனது ஆத்தா" என்றார். லீவு விட்டால் தெருப் பிள்ளைகள் மொத்தமும் கிணற்றில்தான் கிடக்குமாம். மாமா மேலே நின்று தலையை எண்ணிக்கொண்டே இருப்பாராம். ஒரு தலை குறைந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிடுவார். மாமாவுக்கு நீச்சல் அவ்வளவாக வராது. அவரைப் பிள்ளைகள்தான் இழுத்துக்கொண்டு வந்து படியில் விட வேண்டும். அதனால் "தலை வெளியவே இருக்கணும், எங்கப்பா குதிச்சிரும்" என்று இவர்தான் மற்ற பயல்களை மிரட்டுவாராம்.

அப்படியென்றால் அடிமண் அள்ளியது எப்போது என்று நான் கேட்கவில்லை. இவரிடமும் கேட்கப் போவதில்லை.

போனை வைக்கும் முன் அத்தை, "அங்கன மேல நின்னு யாரு பாத்துக்கிறா?" என்றார். லைஃப்கார்டு இருக்கிறார் அத்தை, அதற்குத்தானே சம்பளம் என்றேன். "அவரு எத்தன பேரப் பாப்பாரு? நீ கூடப் போ ஆத்தா."

ஆறு மணி பேட்ச். இட்லி யார் ஊற்றுவது, பையனுக்கு டப்பா யார் கட்டுவது என்று அம்மாவும் கேட்கவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை.