ஆதார் எண்ணில் அந்த இரண்டு ஸ்பேஸ்

ஆதார் அட்டையில் எண் நாலு நாலாகப் பிரித்து அச்சாகியிருக்கும்: 1234 5678 9012. (1-ல் தொடங்கும் ஆதார் கிடையாது, அதனால்தான் இந்த உதாரணம்.) நடுவிலுள்ள இரண்டு ஸ்பேஸும் படிக்க வசதியாக வைத்தவை. டேட்டாபேஸுக்குள் அவற்றுக்கு வேலையில்லை, 12 இலக்கம் மட்டும் போதும். ஒரு பதிவு ஸ்பேஸோடும் இன்னொன்று ஸ்பேஸ் இல்லாமலும் ஏறிவிட்டால், யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறாமல் தடுப்பது) இருந்தும் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

இலக்கம்தானே என்று இண்ட் (முழு எண்) வகையில் வைக்காதீர்கள். அதன் உச்சம் 2147483647, அதாவது 10 இலக்கம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஸ்ட்ரிக்ட் மோடு (வரம்பு மீறிய மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) அணைந்திருந்தால் பிழை எதுவும் காட்டாது. எல்லோருக்கும் அந்த உச்ச எண்ணே பதிவாகும். பெரிய எண்களுக்கான பிக்இண்ட் வகை 12 இலக்கத்தையும் கொள்ளும். ஆனால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் அதற்கு 8 பைட், எழுத்து வகைக்கு 13 பைட்; பத்து லட்சம் பதிவுக்கும் மிச்சம் 5 எம்பிதான். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்து வகையிலேயே இருக்கட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை எண் வகையில் போட்டால் முன்பூஜ்யம் தொலைந்தே போகும்.

உள்ளே வரும்போது சுத்தம் செய்ய, ஸ்பேஸையும் சிறுகோட்டையும் (-) மட்டும் தேடி நீக்குவது பத்தாது. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டினால் பார்வைக்கு ஸ்பேஸ் போலவே இருக்கும் வேறு குறிகளும் சேர்ந்து வரும். 0 முதல் 9 வரை அல்லாத எல்லாவற்றையும் நீக்குங்கள், பிறகு நீளம் 12-ஆ என்று பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' தட்டியிருந்தால் 11 ஆகி அங்கேயே மாட்டும். ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமொழி) 'டிஜிட்' குறியீட்டை (\d) போடாமல் 0-9 என்றே எழுதுங்கள்: பைத்தானில் அந்தக் குறியீடு தமிழ் எண்களான ௧, ௨, ௩-ஐயும் இலக்கமாக ஏற்கும்! கடைசியாக வெர்ஹோஃப் சோதனை (கடைசி இலக்கத்தை வைத்து எண்ணைச் சரிபார்க்கும் கணக்கு). ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும்.

படிவத்தில் அடிக்கடி நடக்கும் கூத்து ஒன்று. உள்ளீட்டுப் பெட்டிக்கு 12 எழுத்து வரம்பு வைத்திருப்பார்கள். ஸ்பேஸோடு ஒட்டினால் 14 எழுத்து. கடைசி இரண்டு இலக்கம் சத்தமில்லாமல் வெட்டுப்படும். வரம்பைத் தளர்த்திவிட்டுச் சுத்தம் செய்தபின் எண்ணுங்கள். தேடல் பெட்டிக்கும் சுத்தம் செய்யும் அதே ஃபங்ஷன்தான்.

ஆதாரை வைத்திருக்க அனுமதி உள்ள நிறுவனங்கள் அதை என்கிரிப்ட் செய்து டேட்டா வால்ட்டில் (ஆதாருக்கென்றே உள்ள பாதுகாப்பான சேமிப்பிடம்) தனியாக வைக்க வேண்டும். மற்ற டேபிள்களில் ஆதாருக்குப் பதிலான ரெஃபரன்ஸ் கீ மட்டும். தேடுவதற்கு ஹேஷ் (எண்ணிலிருந்து கணக்கிடும், திருப்பி எண்ணாக்க முடியாத குறி) போடுகிறீர்கள் என்றால் சுத்தம் செய்வது அதற்கு முன்பே நடக்க வேண்டும். ஸ்பேஸ் ஒன்று கூடினால் ஹேஷ் முற்றிலும் வேறு. பின்னால் உட்கார்ந்து திருத்தவும் முடியாது. திரையில் கடைசி 4 இலக்கம் போதும்.

எது அலங்காரம், எது தகவல் என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கத்துக்குப் பின் 'வி' அல்லது 'எக்ஸ்' வரும். அது தகவல், நீக்கக் கூடாது. பெரிய எழுத்தாக மாற்றினால் போதும். புதிய எண் 12 இலக்கம்: முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, எழுத்தை விட்டுவிட்டால் பழையது புதியதாகிவிடும். அட்டையில் உள்ளபடி ஒரு ஃபீல்டு, 12 இலக்க வடிவம் இன்னொரு ஃபீல்டு, யூனிக் இண்டெக்ஸ் இரண்டாவதன் மேல்.

ஏற்கெனவே கலந்து கிடக்கும் டேபிளில் பழைய ஃபீல்டின் மேலேயே எழுதாதீர்கள். புதிய ஃபீல்டு சேர்த்து அதில் நிரப்புங்கள். நீளம் பொருந்தாதவற்றையும் இரட்டைப் பதிவுகளையும் பட்டியலெடுத்து ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள். இண்டெக்ஸும் செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்டும் (பொருந்தாத மதிப்பை டேட்டாபேஸே மறுக்கும் விதி) அதற்குப் பிறகு. பட்டியலை எக்செல்லில் திறப்பதானால் அந்த ஃபீல்டை டெக்ஸ்ட் என்று சொல்லி இறக்குங்கள். இல்லாவிட்டால் 12 இலக்கம் அடுக்குக்குறி வடிவத்துக்கு (1.23E+11 போல) மாறும், அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் எண் திரும்பி வராது.